குளத்தடியில் காணி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுட் பல இன்றும் ஒரு துண்டுக் காணியைத் தேடிக்கொண்டிருக்கின்றன. சிலருக்குச் சொந்தக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. சிலருக்குக் காணி கிடைத்தும் கிணறு உவராகிவிட்டது. வேறு சிலருக்குப் பிள்ளைகள் மணமுடித்துவிட்டதால் இருக்கும் வளவு போதாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தையோ நகை விற்ற பணத்தையோ வைத்துக்கொண்டு இவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாதர், குளத்தடியிலை ரெண்டு ஏக்கர் மலிவாய் வருகுது. எடுக்கலாமோ?"

குளத்தடிக் காணியை நாம் வேண்டாமென்று சொல்வதில்லை. தண்ணீரைக் கண்டால் கமக்காரனின் மனம் நிறைவது இயல்பே. ஆனால் அந்தத் தண்ணீருக்கு நம்மைவிட மூத்த உரிமைக்காரர் சிலர் இருக்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது. யானை, முதலை, பாம்பு, எலி, நுளம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் நன்னீர் வேண்டும். காணி வாங்கும் நாளில் இவற்றை எண்ணிப் பாராதவர்கள், வீடு கட்டி முடித்த பின்னரே எண்ணத் தொடங்குகிறார்கள். அப்போது கையில் பணமும் இருப்பதில்லை, திரும்பிப் போக இடமும் இருப்பதில்லை. எனவே இக்கட்டுரையில், வன்னியிலும் அதனையொத்த உலர் வலயப் பகுதிகளிலும் குளத்துக்கு அருகே காணி வாங்க எண்ணுவோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவற்றைக் கூற விரும்புகின்றோம்.

காணி ஏன் மலிவு?

நல்ல மண்ணும் தண்ணீரும் உள்ள காணி மலிவாக விற்கப்படுகிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தை விற்பவரிடம் மட்டும் கேட்டறிய முடியாது.

நாமறிந்த ஒரு குடும்பத் தலைவர் மாரி காலத்தில் ஒரு காணியைப் பார்த்தார். குளம் நிறைந்து, வயல் பச்சையாய் இருந்தது. முற்பணம் கொடுக்கப் புறப்பட்ட வேளையில், அவ்விடத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, நீங்கள் மாரியிலை வந்து பார்த்தனியள். ஆவணியிலை ஒருக்கா வந்து பாருங்கோ." அவர் ஆவணியிலும் சென்று பார்த்தார். குளம் வற்றி, நீர் இருந்த இடமெல்லாம் புல் முளைத்திருந்தது. காட்டிலிருந்து அப்புல்லுக்கு யானைகள் வரும் தடம், அவர் வாங்கவிருந்த காணியின் நடுவே சென்றது. அவர் அந்தக் காணியை விட்டுவிட்டு, அதே குளத்தின் மறுபக்கத்தில் சிறிது கூடிய விலைக்கு வேறொன்றை வாங்கினார்.

குளத்தடிக் காணியை இரண்டு பருவங்களிலும் பார்த்தே முடிவெடுத்தல் வேண்டும். மாரியில் பார்த்தால் வெள்ளம் எதுவரை வருகிறது என்பது தெரியும். கோடையில் பார்த்தால் விலங்குகள் எவ்வழியாக வருகின்றன என்பது தெரியும்.

மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும்

குளமொன்றின் எல்லாக் கரைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. குளக்கட்டும் துருசும் வானும் ஒரு பக்கத்தில் அமைந்திருக்கும். கட்டுக்குக் கீழே வயல் வெளி. கட்டுக்கு எதிர்ப்புறம் நீர் ஏறி இறங்கும் அலைகரை. அதற்கும் மேலே நீரேந்தும் காடு. எமது முன்னோர் பொதுவாகக் கட்டின் பக்கமாகவே குடியிருந்தனர். அலைகரைப் பக்கத்தைக் காட்டுக்கும் கால்நடைக்கும் விட்டிருந்தனர். பகலில் மனிதரும் மாடும், இரவில் காட்டு விலங்கும் ஒரே நீரைப் பயன்படுத்திய ஒழுங்கு இது.

அநுராதபுரப் பகுதியின் பழைய சிங்களக் கிராமங்களிலும் இதே அறிவு இருந்தது. ஊர்க் குளத்துக்கு மேலே காட்டுக்குள் 'குளுவெவ' எனப்படும் சிறு குளத்தை அமைத்தனர். அது வண்டலைத் தடுத்ததோடு காட்டு விலங்குகளுக்கும் நீர் கொடுத்தது. வயலில் ஒரு துண்டைப் பறவைகளுக்கென விட்டு, அதனைக் 'குருலு பாலுவ' என்றழைத்தனர். விலங்குக்குரிய பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் மீதியைக் காப்பது இலகு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று மலிவாக விற்கப்படும் காணிகளுட் பல அலைகரைப் பக்கத்திலேயே உள்ளன. காட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே நேர்கோட்டில் அமைந்த காணியில் வீடு கட்டுவது, பிறர் நடக்கும் பாதையில் பாய் விரித்துப் படுப்பதைப் போன்றது. இயன்றவரை கட்டுப் பக்கத்தில், ஏனைய வீடுகளுக்கு அண்மையில், மேட்டு நிலத்தைத் தெரிந்தெடுங்கள். ஆனால் கட்டின் அடியோடு ஒட்டியும், வான் பாயும் வழியிலும் வீடு கட்டலாகாது.

யானை

2011ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2019இல் வெளியான ஆய்வொன்று, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதம் மக்களும் குடியிருக்கும் இடம் என்றும் காட்டியது. எனவே யானை காட்டுக்குள்ளே மட்டும் இருக்கும் என்பது சரியான எண்ணமன்று. 2019ஆம் ஆண்டில் 121 மனிதரும் 405 யானைகளும் இம்மோதலில் இறந்தனர். 2023இல் இத்தொகை இரு பக்கமும் இன்னும் கூடியது.

போர்க் காலத்தில் எமது ஊர்கள் வெறுமையாகின. வயல்களிலும் வளவுகளிலும் பற்றை எழுந்தது. முதிர்ந்த பெருங்காட்டைவிடப் பற்றைக்காடே யானைக்குக் கூடிய உணவு தரும் இடம். நாம் இல்லாத ஆண்டுகளில் அங்கே வாழப் பழகிய விலங்குகள், நாம் திரும்பி வந்ததும் தாமாக விலகிச் செல்லப்போவதில்லை. ஒரு பெரிய யானை நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் நீர் குடிக்கும். கோடையில் அது குளத்தைத் தேடி வந்தே ஆகவேண்டும்.

"வனஜீவராசிகள் திணைக்களத்தார் யானையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று விற்பவர் சொன்னால் அதை நம்பிக் காணி வாங்காதீர்கள். இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டிக் கருவிகள் மூலம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராய் அலைந்தன. சில மட்டுமே புதிய இடத்தில் தங்கின. பிரச்சினை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறியதே பெரும்பாலும் கண்ட பலன்.

இதுவரை நல்ல பலன் தந்த வழி, ஊரையும் வயலையும் சுற்றி அமைக்கும் மின்வேலியாகும். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் 2013 முதல் கமக்காரர்கள் பருவகால வேலி முறையைக் கைக்கொண்டனர். விதைத்த பின் வயலைச் சுற்றி வேலியிடுவர். அறுவடை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவர். அதன்பின் யானைகள் வந்து அரிதாளை மேய்ந்து செல்லும். வேலியின் பொறுப்பு ஊரவர் கையிலேயே இருக்கும். 2020இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இத்தகைய ஊர் வேலிகளையும் வயல் வேலிகளையும் பரிந்துரைத்தது. எனவே காணி பார்க்கும்போது, "இந்த ஊரில் வேலி உண்டா? யார் பராமரிக்கிறார்கள்? கம்பியில் முட்டும் புல்லை யார் வெட்டுகிறார்கள்?" என்று கேட்டறியுங்கள். வேலி இருந்தும் பராமரிப்போர் இல்லையென்றால், வேலி இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வேலியில் விட்டு விட்டுப் பாயும் மின்னதிர்ச்சி விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதோ கொலைக்கு ஒப்பானது. அது சட்டவிரோதமானது. யானைக்கு முன்னே அயல் வீட்டுப் பிள்ளை அதில் கைவைத்துவிடலாம். உணவுக்குள் வெடிமருந்து மறைத்து வைக்கும் 'ஹக்கபட்டாஸ்' என்பதும் இத்தகையதே. காட்டுப்பன்றிக்கென வைத்ததை மாடும் கடிக்கும், யானைக்கன்றும் கடிக்கும்.

வீட்டு ஒழுங்கிலும் கவனம் தேவை. நெல் மணத்துக்கு யானை சுவரை உடைக்கும். எனவே படுக்கும் அறையில் நெல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் அருகே பிள்ளைகளைப் படுக்கவிடாதீர்கள். ஊருக்குப் பொதுவான களஞ்சியமொன்றை வேலிக்குள் அமைத்துக்கொள்வது நன்று. வாழையைச் சுவரோரத்தில் நடாதீர்கள். மலசலகூடத்தை வீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். இரவில் பற்றைக்குள் செல்ல வேண்டிய தேவை இல்லாதுபோனால் யானையையும் பாம்பையும் ஒருங்கே தவிர்க்கலாம். பொழுதுபட்ட பின் மதுபோதையில் தனியே நடந்துசென்றோர் யானைக்கு இரையான நிகழ்வுகள் பல உண்டு என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

முதலை

இலங்கையில் இரண்டு வகை முதலைகள் உண்டு. குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழ்வது சதுப்புநில முதலை. ஆற்று முகங்களிலும் களப்புகளிலும் வாழ்வது உவர்நீர் முதலை. பின்னையது உருவிற் பெரியது, மனிதருக்கு ஆபத்தும் கூடியது. அது ஆற்றின் வழியே நன்னீர்ப் பகுதிக்கும் ஏறிவரும். எனவே களப்போடு தொடர்புள்ள ஆற்றங்கரையில் காணி வாங்குவோர் இருமடங்கு கவனம் எடுத்தல் வேண்டும்.

குளத்து முதலை கரையில் குடைந்து வளை அமைக்கும். கோடையில் குளம் வற்றும்போது இரவில் தரைவழியே நடந்து வேறு நீர்நிலை தேடும். கட்டில்லாத தோட்டக் கிணற்றுக்குள் முதலை விழுவது இக்காலத்திலேயே. மீதமுள்ள சிறு நீர்ப்பகுதியில் பல முதலைகள் கூடுவதும் இக்காலத்திலேயே. முட்டையிட்ட தாய் முதலை அவ்விடத்தைக் காவல் காக்கும். "இந்தக் குளத்து முதலை ஒருவரையும் கடிக்காது" என்று ஊரில் சொல்லப்படுவதைக் கேட்டுப் பிள்ளைகளைத் தனியே நீரில் இறங்க விடாதீர்கள்.

முதலை நீருக்குள் அசையாது மறைந்திருந்து, கரையோரத்துக்கு வருவதைப் பிடிக்கும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குளிப்பதும் துவைப்பதும் அதற்கு வசதியாகிவிடும். மீன் கழுவிய குடலைக் குளிக்கும் துறையில் வீசுவது அதை அழைப்பதற்குச் சமம். தாமரையும் பாசியும் மண்டிய இடத்தில் இறங்கலாகாது. பொழுதுபட்ட பின் குளத்தில் குளித்தல் வேண்டாம். நாயை உடன் கூட்டிச் செல்வது பாதுகாப்பன்று. நாயே முதலையை இழுக்கும்.

மாத்தறை மாவட்டத்தின் நில்வளா கங்கைக் கரையில் வாழும் மக்கள், குளிக்கும் துறையைச் சுற்றி வலிய மரக் கம்பங்களை நீருக்குள் நெருக்கமாய் இறுக்கி வேலியமைப்பர். அதனைக் 'கிம்புல் கொட்டுவ' என்பர். எமது குளங்களிலும் ஊரவர் சேர்ந்து இவ்வாறு செய்துகொள்ள முடியும். ஆயினும் கம்பம் உக்கி இடைவெளி விழுந்த வேலி, வேலியே இல்லாததைவிட ஆபத்தானது. ஏனெனில் அதை நம்பியே நாம் உள்ளே இறங்குகிறோம். வசதியுள்ளோர் வளவுக்குள் கட்டுக் கிணறு வெட்டி அங்கேயே குளிப்பது எல்லாவற்றிலும் மேலானது. காணியின் விலையோடு கிணற்றின் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். கிணற்றுக் கட்டு இடுப்பளவு உயரமாயினும் இருக்கட்டும். அது பிள்ளைகளையும் காக்கும், விலங்குகளையும் தடுக்கும்.

பாம்பு

நீர் உள்ள இடத்தில் தவளை இருக்கும், நெல் உள்ள இடத்தில் எலி இருக்கும். இவை இரண்டும் உள்ள இடத்துக்குப் பாம்பு வரும். 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர்.

நீர்ப்பாம்பும் சாரையும் நஞ்சற்றவை. சாரை எலியைத் தின்று எமக்கு உதவுகிறது. அதைக் கண்டவுடன் அடித்துக் கொல்வது, கூலியில்லாத காவற்காரனை விரட்டுவதாகும். அஞ்ச வேண்டியவை நாகம், கண்ணாடிப் புடையன், கட்டுவிரியன் என்பன. கண்ணாடிப் புடையன் வயல் வரம்பிலும் வைக்கோலிலும் கிடக்கும். காலையிலும் மாலையிலும் வயலுக்குப் போகும்போது முழங்கால் வரையான சப்பாத்தும் கையில் விளக்கும் வேண்டும். கறுப்பு உடலில் வெள்ளைக் கட்டுகள் கொண்ட கட்டுவிரியன், இரவில் நிலத்தில் படுத்திருப்போரையே பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலி தராமலும் இருக்கலாம். விடியும் வேளையில் வயிற்றுவலி, கண்ணிமை தாழ்தல், மூச்சுத் திணறல் என்பன தோன்றும். தற்காலிகக் கொட்டிலில் இருப்போரும்கூடக் கட்டிலில், நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் செருகிப் படுத்தால் இவ்வாபத்து மிகவும் குறையும்.

கடித்துவிட்டால் வெட்டவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்புகளைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். விசமுறிவு மருந்தும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். ஆகவே காணி வாங்குமுன் அண்மையிலுள்ள வைத்தியசாலை எவ்வளவு தூரம், மாரியில் அந்தப் பாதையில் வாகனம் போகுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலியும் நுளம்பும்

யானைக்கு அஞ்சும் நாம் எலிக்கு அஞ்சுவதில்லை. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலால் பீடிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சில நாட்களுள் பலரைக் கொன்ற காய்ச்சலும் இதுவே எனக் கண்டறியப்பட்டது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலிலுள்ள சிறு காயங்களின் வழியே கிருமி உடலுட் புகுகிறது. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேட்டுப் பெறுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால், "வயலில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வன்னியென்றால் மலேரியா என்றிருந்த காலம் மாறிவிட்டது. உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபருக்குப் பின் பதிவாகாததால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனினும் அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய வேறொரு வகை நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே கிணற்றையும் தொட்டியையும் மூடி வைப்பது இன்றும் அவசியமே.

எழுத்துக் காரியங்கள்

விலங்குகளைப் பற்றி இவ்வளவு பேசியபின் பத்திரங்களைப் பற்றிப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். குளத்தடிக் காணிகளுட் பல, விலங்குகளுக்கோ குளத்துக்கோ சட்டப்படி ஒதுக்கப்பட்டவை என்பதே காரணம்.

முதலாவதாக, அலைகரையும் குளத்தின் ஒதுக்க நிலமும் விற்பனைக்கு உரியனவல்ல. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் வழங்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பில் உள்ளன. குளத்தின் எல்லைக் கல் எங்கே உள்ளது என்பதைக் கமநல சேவை நிலையத்தாரிடமும் கமக்காரர் அமைப்பினரிடமும் கேட்டு, நேரில் கண்டு உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவதாக, சரணாலயங்களையும் தேசிய பூங்காக்களையும் கவனியுங்கள். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் 1954 முதல் சரணாலயமாக உள்ளது. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாக உயர்த்தப்பட்டன. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். எனினும் அங்கே காடு வெட்டவும் கட்டடம் எழுப்பவும் கட்டுப்பாடுகள் உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்களைச் சார்ந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில், மக்கள் முழுமையாகத் திரும்புமுன்னரே 2012இல் ஒதுக்கக் காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தோர் பட்ட துன்பத்தை நாடறியும். பழைய உறுதி கையிலிருந்தாலும் புதிய வர்த்தமானி ஏதும் உண்டா என்று பிரதேச செயலகத்தில் விசாரிப்பது நல்லது.

மூன்றாவதாக, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லுபடியாகாது. வெறும் கடதாசியில் கையெழுத்து வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

மாடு மேய்ப்பவர், குளத்தில் மீன் பிடிப்பவர், விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிறவர் ஆகிய மூவரும் அறியாத விலங்குத் தடம் இல்லை. அவர்களிடம் கேட்ட பின் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். யானை இலத்தி, முறிந்த கிளை, மரத்தில் உயரத்தில் உரசிய சேறு, கரையில் முதலை வயிறு இழுத்த தடம், சேற்றில் பன்றி கிண்டிய அடையாளம் ஆகியவை பொய் சொல்வதில்லை. பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் அள்ளவும் துவைக்கவும் எந்த வழியால் போக வேண்டும், பிள்ளைகள் பாடசாலைக்கு எந்தப் பாதையால் நடக்க வேண்டும் என்பவற்றை அவர்களே முதலில் காண்பார்கள்.

இறுதியாக ஒன்று. தனித்த ஒரு குடும்பம் அலைகரையில் காணி வாங்கினால் வேலியும் காவலும் அக்குடும்பத்தின் தலையிலேயே விழும். ஐந்தாறு குடும்பங்கள் கூடி, ஏற்கெனவே மக்கள் வாழும் பக்கத்தில் அடுத்தடுத்து வாங்கினால் வேலி, களஞ்சியம், குளிக்கும் துறை, இரவுக் காவல் யாவும் பொதுவாகும். செலவும் பகிரப்படும். காணி வாங்க எண்ணுவோர் முற்பணம் கொடுக்குமுன் இவ்விடயத்தைத் தங்கள் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரும் ஆவணி வரை பொறுத்திருந்து, குளம் வற்றிய பின் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.